இன்னொரு பிரதி இருக்கிறதா?

சென்ற வருடம் மெல்பர்னில் என் பழைய கணினியின் வன்தட்டு படிக்கத் திணற ஆரம்பித்தது. அம்மம்மாவின் தாலாட்டுப் பதிவு அதில் மட்டும்தான் இருந்தது. அம்மம்மா இப்போது இல்லை.

இந்த நிலையில் பழுதுபார்க்கும் மென்பொருளை ஓட்டாதீர்கள். க்னூ டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் வேறு தட்டுக்கு எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பும். எனக்குத் தாலாட்டு கிடைத்தது, கடைசி வரிகள் தவிர.

நல்ல தட்டை அப்படியே நகலெடுக்கத் தைவானில் உருவான க்ளோன்ஸில்லா போதும். பெரிய தட்டுக்கு மாறியபின் மிஞ்சும் இடத்தைச் சேர்த்துக்கொள்ள ஜிபார்ட்டட். இரண்டும் இலவசம், யூஎஸ்பியிலிருந்தே இயங்கும். எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை பாருங்கள். மாறிப்போனால் வெற்றுத்தட்டுதான் நகலாகும்!

ஒரே தட்டில் இன்னொரு பிரிவு வைப்பது காப்புப்பிரதி ஆகாது. தினப்படிக்கு ஆர்சிங்க் இருக்கிறது. 1996ல் கான்பராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிஜெலும் பால் மக்கராசும் உருவாக்கியது. வலைவழி அனுப்பும்போது மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். என் பிரதி இப்போது சிட்னியில் தங்கச்சி வீட்டிலும் இருக்கிறது.

1981ல் யாழ் நூலகம் எரிந்தபோது அச்சுநூல்கள் பலவற்றுக்கு வேறெங்கோ பிரதி இருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் போனவை போனவைதான். நம் வீட்டு ஏடுகள் இன்று வன்தட்டில் இருக்கின்றன.