மூடிய நாளத்தில் ஒரு துளைக்குழாய்

இருதய நாளத்தின் அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை நம் இல்லங்களில் இன்று அறியாதார் இலர். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், விழித்திருந்த நோயாளிக்கு அதனை முதன்முதலாகச் செய்தார். அது பலிக்காத வேளையில் நேர்ந்ததை நாம் அதிகம் கேட்டதில்லை.

பலூன் விரிகையில் நாளத்தின் உட்சுவர் சிலருக்குக் கிழிந்து மடிந்துவிடும். திறக்க வந்த வழியே முற்றும் மூடிக்கொள்ளும். இரத்தம் பெறாத இருதயத் தசை அரைமணி நேரத்திற்குள்ளாகவே மடியத் தொடங்கும். மார்பைத் திறந்து மாற்றுவழி அமைக்கும் அறுவைக்கு ஆயத்தம் செய்யவோ அதனினும் அதிக நேரம் வேண்டும்.

இந்த இடைவெளிக்கென்றே 1980-களில் ஒரு கதீட்டர் வந்தது. பக்கங்களில் பல நுண்துளைகள் கொண்ட மெல்லிய குழாய் அது. உள்ளே கிடக்கும் கம்பியின் வழியே அதனை அடைப்பினூடே செலுத்துவர். அடைப்புக்கு முன்னுள்ள துளைகளில் இரத்தம் புகுந்து, அப்பாலுள்ள துளைகளில் வெளியேறும். இயந்திரம் ஏதுமில்லை, நோயாளியின் சொந்த இரத்த அழுத்தமே தள்ளுகிறது! அவ்வழுத்தம் குன்றினால் ஓட்டமும் குன்றும் என்பதே குறை. குழாய் உள்ளிருக்கவே நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டு செல்வர்.

1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல், கிழிந்த சுவரை அங்கேயே தாங்கி நிறுத்தியது. அதனால் அவசர அறுவை இன்று அரிதாகிவிட்டது. ஆயினும் சம்மதப் படிவத்தில் அதனைப் பற்றிய வரி இன்றும் இடம்பெறுவதுண்டு. அதைக் கண்டு வீட்டார் கலங்க வேண்டுவதில்லை. ஐயமிருப்பின் கையெழுத்திடுமுன் மருத்துவரையே கேட்கலாம்.