ஏற்றத்தில் ஒரு சத்தம், இறக்கத்தில் ஒரு சத்தம்

"ஏறுறப்ப சத்தம் வருதா, எறங்குறப்ப வருதாண்ணே?"

பழைய ஜீப் ஒன்றைக் கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால், விஷயம் தெரிந்த பாஸ் பொனட்டைத் திறக்குமுன் கேட்பது இதைத்தான். பாதி நோய் இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். கம்பளையிலிருந்து புசல்லாவை, தவலந்தென்னை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதி, பழைய வண்டியின் உறுப்புகளைப் பிரித்துப் பிரித்துச் சோதிக்கிறது. ஏற்றம் எஞ்சினையும் குளிரூட்டலையும் சோதிக்கும். கொண்டை ஊசி வளைவு சக்கர பேரிங்குகளைச் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். சமதரையில் ஒன்றோடொன்று கலந்து கேட்கும் சத்தங்கள் இங்கே தனித்தனியாகக் கேட்கும். இப்படியொரு சோதனைச்சாலை வாசலிலேயே கிடைப்பது பெரிய வாய்ப்பு.

அமெரிக்க வண்டிகளில் நம் மலைகளோடு மிகவும் ஒட்டிப்போனது வில்லிஸ் ஜீப். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைக்கு இடம்மாறிய காலத்தில், நேசநாட்டுப் படைகளின் அன்றாட வாகனம் அதுதான். 2.2 லீற்றர் எஞ்சின், 60 குதிரைவலு, 6 வோல்ட் மின்சாரம். நான்கு சக்கர இழுவை உண்டென்றாலும், தார் வீதியில் அதைப் பின்சக்கர இழுவையில்தான் ஓட்டவேண்டும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுவதால், நான்கையும் பூட்டி ஓட்டினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே இறம்பொடை வளைவுகளில் ஜீப்பும் அந்தக் காலத்து ஃபோர்ட், செவர்லே, டொட்ஜ் கார்களும் ஒரே சாதிதான்: முன்னால் எஞ்சின், நடுவில் நீண்ட ஷாஃப்ட், பின்னால் டிஃபரன்ஷல்.

இவை இன்னும் ஓடுவதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. 1977க்கு முந்திய அந்நியச் செலாவணி நெருக்கடிக் காலத்தில் புதிய கார் குதிரைக்கொம்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டும் கலையை இந்த நாட்டுக்கு இரண்டு தலைமுறை வறட்சி கற்றுக்கொடுத்தது.

முதலில் ஏற்றம். இறம்பொடை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரம், நுவரெலியா நகரம் 1868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. காபரேற்றருக்கு இது தெரியாது. தொண்டை வழியாகப் பாயும் காற்றின் இழுப்பைப் பார்த்துப் பெற்றோலை விடுவதே அதன் வேலை. காற்று மெலிந்தாலும் பெற்றோலை அதே விகிதத்தில் குறைக்காது. கொழும்பில் சரியாக ஓடிய கார் நுவரெலியாவில் பெற்றோல் வாடை வீசுவதும், சைலன்சரில் கரும்புகை தள்ளுவதும் இதனால்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சாட்சி கிடைக்கும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. மென்மையான கரிப்பொடி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெற்றோல் போதவில்லை, எஞ்சின் சூடு மிஞ்சுகிறது. எண்ணெய்ப் பசையாக ஈரமிருந்தால் ரிங்ஸோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. ஆனால் எந்த உயரத்தில் கழற்றிய பிளக் என்பதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நுவரெலியாவில் கறுத்த பிளக்கைப் பார்த்து ஜெட்டை மாற்றிவிட்டு, அதே காரைக் கொழும்புக்கு இறக்கினால் அங்கே எஞ்சின் பெற்றோல் பற்றாமல் கொதிக்கும்.

தண்ணீரும் உயரத்துக்குக் கட்டுப்பட்டதே. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்துவிடும். றேடியேற்றர் மூடி வெறும் மூடியல்ல. ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் கொண்ட அழுத்த வால்வு. பழைய வண்டிகளில் 4 இறாத்தல், 7 இறாத்தல் மூடிகள் வழக்கம். 4 இறாத்தல் மூடி நன்றாகப் பிடித்தால் நுவரெலியாவில் தண்ணீர் 102 பாகை வரை கொதிக்காது. 7 இறாத்தல் என்றால் 107 பாகை. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அத்தனையும் போய் 94க்கே வந்து நிற்கும். லபுக்கலைப் பக்கம் கார் கொதிக்கிறதென்று றேடியேற்றரை இறக்கி, தண்ணீர் பம்பைக் கழற்றி, கடைசியில் அந்த வளையத்தை மாற்றித் தீர்த்த கதை மலைநாட்டு கராஜ்களில் புதிதல்ல.

கொதிக்கும் றேடியேற்றரைத் திறக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதைத் தெரிந்துகொள்வதும் நல்லது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் 107 பாகையில் இருக்கிறது. மூடியைத் திருகிய கணம் அழுத்தம் விழ, கொதிநிலை 94க்கு இறங்குகிறது. மிஞ்சிய சூடு எங்கேயாவது போகவேண்டும். பத்து லீற்றரில் ஏறக்குறைய கால் லீற்றர் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகும். கால் லீற்றர் தண்ணீர் ஆவியானால் நூற்றுக்கணக்கான லீற்றர் இடம் வேண்டும். கையையும் முகத்தையும் வேகவைப்பது அதுதான்.

வீதியோரப் பீலியில் பிடித்து ஊற்றும் தண்ணீரையும் சொல்லவேண்டும். மலைத் தண்ணீர் மென்மையானது, உப்புப் படியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிய தண்ணீர் புதிய ஒட்சிசனைக் கொண்டுவருகிறது. வார்ப்பிரும்பு எஞ்சினின் உட்புறத் துருவுக்கு அதுவே தீனி. அவசரத்துக்குப் பீலி நல்லது. வீடு திரும்பியதும் ஒழுக்கு எங்கே என்று பார்க்கவேண்டும். ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் குழாய் அடைப்பு, பெல்ட் வழுக்கல், பற்றவைப்பு நேரம் பின்தங்கல் என்று சந்தேகிக்கலாம். சமதரையிலும் கொதித்தால் தெர்மோஸ்டாட்டோ ஹெட் கேஸ்கட்டோ. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், கேஸ்கட் போன வண்டியில் குமிழி தொடர்ந்து வரும். இன்னொன்று: டொப் கியரில் முக்கி முக்கி ஏறுவதைவிட ஒரு கியர் இறக்கி ஏறுவது குளிர்ச்சி. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது விசிறியும் பம்பும் சேர்ந்தே வேகமாகச் சுற்றும்.

பழுது கண்டுபிடிக்கும் கலையின் உச்சம் என்று நான் கருதுவது இனிச் சொல்லப்போவது. கார் ஏறிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று இரண்டு தடவை இருமி நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்து அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இதே நடத்தைக்கு இரண்டு குற்றவாளிகள். ஒன்று, பெற்றோல் ஆவியடைப்பு: எஞ்சின் சூட்டில் பம்பிலோ குழாயிலோ பெற்றோல் ஆவியாகிவிட்டால், பழைய மெக்கானிக்கல் பம்ப் ஆவியைத்தான் அமுக்கும், பெற்றோலை இழுக்காது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் பெற்றோல் இன்னும் எளிதாக ஆவியாகும். மற்றது, கொயில் அல்லது கண்டென்சர்: உள்ளே காப்பு பழுதான கொயில் சூடேறும்போது பொறியை இழந்து, ஆறியதும் மீட்டுக்கொள்ளும்.

தேநீர் குடித்துவிட்டு வந்தால் இரண்டுமே ஆறிவிடும். யார் குற்றவாளி என்பது மறைந்துவிடும். ஆகவே நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் பார்க்கவேண்டும். ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் தூரத்தில் பிடித்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லவேண்டும். சுற்றுவட்டாரத்தில் பெற்றோல் சிந்தியிருக்கக்கூடாது. நீலமாக, சடக் சடக்கென்று பொறி பாய்ந்தால் மின்சாரம் குற்றமற்றது. மஞ்சளாக மெலிந்து நெளிந்தால், அல்லது வரவே இல்லையென்றால், பம்பைத் தொடவேண்டியதில்லை. ஆள் துணையில்லாத இடத்தில் வேறு வழி உண்டு: ஈரத்துணியைப் பம்பில் மட்டும் சுற்றி இரண்டு நிமிடம் விட்டு அடித்துப் பார்ப்பது. பிடிக்கவில்லையென்றால் துணியைக் கொயிலுக்கு மாற்றுவது. எது குளிர்ந்ததும் உயிர் வந்ததோ அதுவே ஆள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை: ஆய்வுகூடத்தில் விஞ்ஞானி கடைப்பிடிக்கும் அதே ஒழுங்கு இது. கொயில், கண்டென்சர், பம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர் காரை ஓட்டிவிடுவார். ஆனால் அடுத்த காருக்கு உதவும் எதையும் கற்றிருக்கமாட்டார்.

6 வோல்ட் வண்டிகளுக்கு மலைநாட்டின் ஈரம் தனிச் சோதனை. 12 வோல்ட் வண்டியைப்போல இரண்டு மடங்கு மின்னோட்டம் வயரில் ஓடவேண்டும். அதே தடையில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. ஆகவே ஸ்டார்ட்டர் சோம்பினால் பற்றரி வாங்கப் புறப்படுமுன், எஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் ஏர்த் பட்டியைக் கழற்றி, பச்சை பூத்த இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்கவேண்டும்.

பின்னால் போவோம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள சிலுவை ஜொயின்ட்டுக்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயர் உண்டு. அதற்கு ஒரு விசித்திர குணம்: கோணத்தில் சுற்றும்போது வெளிவரும் சுழற்சி சீராக இராது. 10 பாகை கோணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, 1.5 சதவீதம் முந்தியும் பிந்தியும் ஓடும். இரண்டாவது ஜொயின்ட் இந்தத் தள்ளாட்டத்தை எதிர்த்திசையில் சரிசெய்துவிடும். ஆனால் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால் மட்டுமே. ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டும்போது நடுவிலுள்ள பல்லிணைப்பு தப்பி மாட்டினால் தள்ளாட்டம் சரியாகாது, இரட்டிப்பாகவும் கூடும், தரையே அதிரும். அதனால்தான் இரு பாகங்களிலும் அம்புக்குறி வெட்டியிருப்பார்கள். கிறீசைத் துடைத்தால்தான் அது தெரியும். குறி அழிந்துபோயிருந்தால் கழற்றுமுன்பே உளியால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்ல பாஸின் வழக்கம்.

ஏற்றத்தில் நின்று கிளட்சை விடும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் பிளேட்டைக் குறைசொல்வது பழக்கம். பின் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் யூ-போல்ட் தளர்ந்திருந்தாலும் அதே நடுக்கம் வரும். இழுவை விசையில் பின் அச்சு மூக்கைத் தூக்க, ஜொயின்ட் கோணம் மாறிவிடுகிறது. ஸ்பானரை எடுத்து ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியது. கியர்பொக்ஸை இறக்க ஒரு நாள் போகும்.

பாஸ் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏறும்போது டிஃபரன்ஷல் பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும். எஞ்சினில் பிடித்து இறங்கும்போது மறுமுகம் தாங்கும். ஏற்றத்தில் மட்டும் ஊளை கேட்டால் இழுக்கும் முகத்தின் தேய்மானம். இறக்கத்தில் மட்டும் கேட்டால் மறுமுகம், அல்லது பினியன் பேரிங் தளர்வு. கியரை மாற்றிக் கால் எடுக்கும்போது மட்டும் 'டங்' என்று ஒரு தட்டு என்றால் சிலுவை ஜொயின்ட்டைப் பாருங்கள். இரண்டிலும் மாறாத இரைச்சல், வலப்பக்க வளைவில் கூடி இடப்பக்க வளைவில் குறைந்தால் இடது சக்கர பேரிங். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. எண்ணெயிலும் கவனம் வேண்டும். பிற்காலத்து டிஃபரன்ஷல்களின் ஹைபொயிட் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால், கந்தகச் சேர்ப்புள்ள கெட்டி கியர் எண்ணெய் அவசியம். அந்த எண்ணெயில் சில வகைகள் பழைய கியர்பொக்ஸின் பித்தளை வளையங்களை அரித்துவிடும். ஒரே தகரத்திலிருந்து இரண்டுக்கும் ஊற்றாதீர்கள்.

இறக்கம்தான் உயிரோடு சம்பந்தப்பட்டது. 1500 கிலோ எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது சுமார் 13 மெகாஜூல் சக்தியைக் கழித்தாகவேண்டும். குளிர்ந்த தண்ணீர் 40 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இவ்வளவையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், பழைய டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கும். பிரேக் எண்ணெய் வேறு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாதி. நம் மூடுபனியில் சீக்கிரமே உறிஞ்சிவிடும். ஈரமேறிய எண்ணெய் வீல் சிலிண்டரில் கொதித்துக் குமிழியானால், பெடல் பஞ்சாகி ஒன்றும் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றச் சொல்வது இதற்காக.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது சரியான பௌதிகம். சக்தியில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆனால் பின்சக்கர இழுவையில் எஞ்சினின் பிடி பின் சக்கரங்களில் மட்டுமே விழும், இறக்கத்திலோ பாரம் முன்னால் சாய்ந்திருக்கும். மழை வீதியில், வளைவுக்குள் நுழைந்தபின் சட்டென்று கியரை இறக்கினால் இலேசான பின்பக்கம் வழுக்கிச் சுழலும். கியர் மாற்றம் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே முடிந்திருக்கவேண்டும். கருகிய வாடை வந்தாலோ பெடல் இறங்கினாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரம்மின் சூடு தானாக ஆறும்வரை காத்திருங்கள். பீலித் தண்ணீரை அதன்மேல் ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.