அணை நீருக்குத் தப்பிய பண்ணை வீடு

1960-களின் கடைசியில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பௌ பீச் என்ற இடத்தில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். தண்ணீர் தேங்கப்போகும் இடத்தில் பழைய பண்ணை வீடுகளும் சிக்கின. அதில் ஒன்று ‘பேலீஃப்’. வயது கிட்டத்தட்ட 600. நிலத்தைத் தூக்கிப்போக வழியில்லை. வீட்டை மட்டும் கட்டை கட்டையாகக் கழற்றிக் கொண்டுபோய், சசெக்ஸ் பகுதியின் சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள்.

வீட்டைக் கழற்ற முடியுமா என்று கேட்பீர்கள். இதன் சட்டம் முழுக்க ஓக் மரம். ஒரு கட்டையில் துளை, அடுத்ததன் முனையில் நாக்கு; நாக்கைத் துளைக்குள் செருகி, குறுக்கே மர முளை அடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்குவார்கள். வேலை சுலபம், காயக் காயப் பிடிப்பும் இறுகும். பிரிக்க வேண்டுமா, முளையைத் தட்டி எடுத்தால் போதும்.

சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைத் தட்டி போலப் பின்னி, களிமண், சாணம், வைக்கோல் மூன்றையும் குழைத்து இருபுறமும் அப்புவதுதான் சுவர். மண் சுவர் வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதில்லை.

நடுக்கூடத்துக்கு மேலே மாடி கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி. தரை நடுவில் அடுப்பு. புகைபோக்கி இல்லை! புகை தானாக மேலே ஏறி, கூரை இடுக்குகளில் கசிந்து போக வேண்டியதுதான். ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, மரக் கம்பியும் பலகைக் கதவும் மட்டுமே. அந்த ஊர்க் குளிரில் எப்படித்தான் இருந்தார்களோ! இப்படிப்பட்ட வீடுகளில் கூரை மரம் கரியேறிக் கறுத்திருக்கும். பின்னாளில் புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு மேல் மாடியும் போட்டு மறைத்தாலும், பரணில் ஏறிப் பார்த்தால் அந்தக் கரி காட்டிக்கொடுத்துவிடும்.

கூடத்தின் ஒரு பக்கம் பீர் பீப்பாய்க்கும் ரொட்டிக்கும் இரண்டு சிறு அறைகள். மறுபக்கம் குடும்பத்தார் அறை, அதன்மேல் படுக்கை அறை. கூடம் 1400-களின் தொடக்கத்தில் எழுந்தது. குடும்பத்தார் பகுதி 1500-ஐ ஒட்டிச் சேர்ந்தது.

திரும்பக் கட்டியபோது, பிற்காலத்தார் வைத்த புகைபோக்கி போன்றவற்றை விட்டுவிட்டு, 1540 வாக்கில் இருந்த கோலத்துக்கே வீட்டைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதற்குப் பிறகு 400 வருடம் அங்கே உழுது வாழ்ந்தவர்களின் அடையாளம் அதில் போய்விட்டதே என்ற குறை எனக்கு உண்டு. வீட்டை ஒட்டி அந்தக் காலத்துக் காய்கறித் தோட்டமும் பழத்தோட்டமும் போட்டிருக்கிறார்கள். கூடத்தின் நடுவே இன்றும் அடுப்பு மூட்டுகிறார்கள்.