8 மைல் கூடுதல் வேகம், 6 மாதம் கார் ஓட்டத் தடை: பிரிட்டனின் 'பெனால்டி பாயிண்ட்' முறை என்ன? பாயிண்ட் விழாமல் ஓட்டுவது எப்படி?

'ஹாரி பாட்டர்' படங்களில் நடித்த எம்மா வாட்சனுக்கு 2025 ஜூலையில் 6 மாதம் கார் ஓட்டத் தடை விதித்தது பிரிட்டன் நீதிமன்றம். அவர் குடித்துவிட்டு ஓட்டவில்லை, யார் மீதும் மோதவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மணிக்கு 30 மைல் மட்டுமே போக வேண்டிய சாலையில் 38 மைல் வேகத்தில் போனார். அவ்வளவுதான்.

38 மைல் என்றால் சுமார் 61 கிலோமீட்டர். நம்ம ஊரில் இதை வேகம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ஏன் இத்தனை பெரிய தண்டனை?

காரணம், அந்த ஒரு நாள் வேகம் மட்டும் இல்லை. அவருடைய லைசென்ஸில் ஏற்கெனவே 9 பாயிண்ட் இருந்தது. இதற்காக இன்னும் 3 சேர்ந்து 12 ஆனது. பிரிட்டனில் 12 என்பது சிவப்புக் கோடு.

அதே நாளில், அதே நீதிமன்றத்தில், அதே படத் தொடரில் நடித்த ஸோயி வானமேக்கருக்கும் இதே கதி. 40 மைல் எல்லையில் 46 மைல் போனவர் அவர். அவருக்கும் ஏற்கெனவே 9 பாயிண்ட் இருந்தது. இருவரும் தலா மொத்தம் 1,044 பவுண்டு கட்ட வேண்டும் என்று உத்தரவு, தலா 6 மாதம் தடை.

படிக்கவும் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டன் போகிறவர்கள் பலர். வீடு வீடாகப் போய் முதியோரைக் கவனிக்கும் வேலை, டெலிவரி வேலை போன்றவற்றில் பல இடங்களில் கார் இல்லாமல் முடியாது. லைசென்ஸ் போனால் வேலையும் போகலாம். அதனால் இந்தக் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பெனால்டி பாயிண்ட் என்றால் என்ன?

சாலை விதியை மீறினால் அபராதத்தோடு, உங்கள் ஓட்டுநர் பதிவில் ஏறும் 'கெட்ட மதிப்பெண்' இது. பணத்தைக் கட்டிவிட்டால் அபராதம் முடிந்துவிடும். பாயிண்ட் அப்படி இல்லை, கூடவே இருக்கும்.

அதிக வேகத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 100 பவுண்டு அபராதம், 3 பாயிண்ட். வேகம் கூடக் கூட பாயிண்டும் கூடும். 30 மைல் சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வழக்கு நீதிமன்றம் வரை போனால் கணக்கு இதுதான்:

- 31 முதல் 40 மைல் வரை: 3 பாயிண்ட்
- 41 முதல் 50 மைல் வரை: 4 முதல் 6 பாயிண்ட், அல்லது 7 முதல் 28 நாள் தடை
- 51 மைலும் அதற்கு மேலும்: 6 பாயிண்ட், அல்லது 7 முதல் 56 நாள் தடை

நீதிமன்றம் போடும் அபராதம் உங்கள் வார வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். அதிகபட்சம் 1,000 பவுண்டு, மோட்டார்வேயாக இருந்தால் 2,500 பவுண்டு.

3 ஆண்டுக்குள் 12 பாயிண்ட் சேர்ந்தால் குறைந்தது 6 மாதத் தடை. வேகத்துக்காக ஏறிய பாயிண்ட் 4 ஆண்டுகள் பதிவில் தெரியும். அதில் முதல் 3 ஆண்டுகள்தான் இந்த 12 கணக்கில் சேரும்.

இதோடு முடிவதில்லை. கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிரீமியம் ஏற வாய்ப்பு அதிகம்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 12 இல்லை, 6

இதுதான் இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம்.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு பிரிட்டனில் 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அதன் பிறகு அங்கே தற்காலிக லைசென்ஸ் வாங்கி, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ள வழி இல்லை.

அப்படித் தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு நீங்கள் 'புது டிரைவர்'. சென்னையில் 20 வருஷம் கார் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான். 1995-ம் ஆண்டு வந்த சட்டப்படி, இந்த 2 ஆண்டுக்குள் 6 பாயிண்ட் ஆனாலே லைசென்ஸ் ரத்து. மறுபடியும் தற்காலிக லைசென்ஸ், மறுபடியும் இரண்டு தேர்வு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதாவது, 30 மைல் சாலையில் இரண்டு முறை கவனம் தவறினாலே கதை முடிந்துவிடலாம்.

எப்படி மாட்டுகிறார்கள்?

மஞ்சள் பெட்டி மாதிரி சாலையோரம் நிற்கும் கேமராவை எல்லோருக்கும் தெரியும். அதன் பெயர் 'காட்ஸோ'. இதை உருவாக்கிய மவுஸ் காட்ஸோனிடஸ், நெதர்லாந்தைச் சேர்ந்த கார் பந்தய வீரர். 1953-ல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தவர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து, இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகச் செய்த கருவிதான், பிற்பாடு எல்லோருடைய வேகத்தையும் குறைக்க வந்து நிற்கிறது.

இப்போது அது ஒன்று மட்டும் இல்லை. வேன்களில் வைத்த கேமரா உண்டு. மோட்டார்வேயில் தலைக்கு மேல் இருக்கும் பலகைகளோடு சேர்ந்த கேமரா உண்டு. 'சராசரி வேக' கேமராவும் உண்டு. இது ஓரிடத்தில் உங்கள் நம்பர் பிளேட்டைப் படித்து, சில மைல் தள்ளி இன்னொரு இடத்தில் மீண்டும் படிக்கும். இடையில் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்குப் போடும். கேமராவைப் பார்த்ததும் பிரேக் அடித்து, தாண்டியதும் விரட்டும் தந்திரம் இங்கே எடுபடாது.

"10 சதவீதம் கூட போகலாம்" என்பது உண்மையா?

இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. வேக எல்லையோடு 10 சதவீதம், அதற்கு மேல் 2 மைல் சேர்த்து, அந்த அளவிலிருந்து நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் சாரம். 30 மைல் சாலையில் இது 35 மைல் என்று வரும்.

ஆனால் இது காவல்துறையின் கையில் இருக்கும் வழிகாட்டுதல். ஓட்டுநருக்குக் கொடுத்த உரிமை இல்லை. சட்டப்படி 31 மைலும் குற்றம்தான்.

பெரிய பதவியும் உதவாது. கேன்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி, 2022 அக்டோபரில் லண்டனில் 20 மைல் சாலையில் 25 மைல் போனதற்காக 3 பாயிண்ட் வாங்கினார்.

பாயிண்டுக்குப் பதில் வகுப்பு

வேகம் கொஞ்சம்தான் கூடுதல் என்றால், பாயிண்டுக்குப் பதிலாக 'வேக விழிப்புணர்வு வகுப்பு'க்குப் போகும் வாய்ப்பைக் காவல்துறை தரலாம். 30 மைல் சாலையில் 35 முதல் 42 மைல் வரை போனவர்களுக்கு இது பொருந்தும். கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கடந்த 3 ஆண்டுக்குள் ஏற்கெனவே போயிருந்தால் மறுபடி கிடைக்காது.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேமராவில் சிக்கினால், காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் வரும். "அன்றைக்கு ஓட்டியது யார்?" என்று கேட்பார்கள். 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் 6 பாயிண்ட், 1,000 பவுண்டு வரை அபராதம். வேகமாகப் போனதற்கு 3, பதில் போடாததற்கு 6 என்பதைக் கவனியுங்கள்.

வாடகை வீடு மாறும்போது பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காரின் பதிவில் முகவரியை மாற்றாவிட்டால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்விடும். வீடு மாறினால் முதல் வேலையாக லைசென்ஸிலும் காரின் பதிவிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. "பாயிண்டை உன் பேர்ல ஏத்திக்கோ" என்று வீட்டில் யாரையும் கேட்காதீர்கள். பிரிட்டன் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூன் 2003-ல் வேகமாகப் போனதற்கான 3 பாயிண்டை அவருடைய மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். பல ஆண்டு கழித்து உண்மை வெளியே வந்தது. ஹூன் பதவி இழந்தார். நீதியைத் திசை திருப்பியதாக 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா 8 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது. 3 பாயிண்டோடு போயிருக்க வேண்டிய விஷயம்!

எல்லைக்குள் ஓட்ட என்ன வழி?

வேண்டுமென்றே விரட்டுகிறவர்கள் ஒரு பக்கம். எல்லை எவ்வளவு என்று தெரியாமல், அல்லது கவனிக்காமல் மாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது ரகத்துக்குத்தான் இந்த வழிகள்.

1. தெருவிளக்கைப் பாருங்கள். வரிசையாகத் தெருவிளக்கு இருந்து, வேறு எந்த வேகப் பலகையும் இல்லை என்றால் அது 30 மைல் சாலை. வேல்ஸில் 20 மைல். அங்கே 2023 செப்டம்பர் 17 முதல் பொது எல்லையையே 30-லிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். 30 மைல் தெருக்களில் நினைவூட்டல் பலகை வைப்பது வழக்கமில்லை. விளக்குதான் பலகை.

2. கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டம். "எல்லை முடிந்தது, இஷ்டத்துக்குப் போ" என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேசிய வேக எல்லை தொடங்குகிறது என்று பொருள். காருக்கு, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் 60 மைல், தடுப்பு உள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் 70 மைல்.

3. வேக லிமிட்டரைப் பயன்படுத்துங்கள். இன்று பல கார்களில் இந்த வசதி இருக்கிறது. 30 என்று வைத்துவிட்டால், ஆக்சிலரேட்டரைச் சாதாரணமாக மிதிக்கும்போது வண்டி அதற்கு மேல் போகாது. இது குரூஸ் கன்ட்ரோல் இல்லை. குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும், லிமிட்டர் மேலே போக விடாது, அவ்வளவுதான். ஊருக்குள் ஓட்ட லிமிட்டர்தான் வசதி. இறக்கத்தில் மட்டும் வேகம் கூடலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கியரைக் குறையுங்கள். கியர் வண்டியாக இருந்தால் 30 மைல் சாலையில் மூன்றாவது கியரிலேயே போங்கள். வேகம் கூடினால் இன்ஜின் சத்தமே சொல்லிவிடும்.

5. மேப்பை நம்புங்கள், முழுசாக நம்பாதீர்கள். போனில் காட்டும் வேக எல்லை பழையதாக இருக்கலாம். சாலைப் பணிக்காக வைத்த தற்காலிக எல்லை அதில் வராமல் போகலாம். பலகை சொல்வதுதான் சட்டம். போனை ஸ்டாண்டில் வையுங்கள். ஓட்டும்போது கையில் எடுத்தால் 200 பவுண்டும் 6 பாயிண்டும். புது டிரைவருக்கு அதோடு லைசென்ஸ் காலி.

6. ஸ்பீடோமீட்டரோடு கணக்குப் போடாதீர்கள். விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. "மீட்டர் 33 காட்டினால் உண்மையில் 30தான்" என்று சிலர் சொல்வார்கள். எந்தக் காரில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியாது. மீட்டரில் 30 என்றால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7. பின்னால் வருகிறவருக்காக ஓட்டாதீர்கள். ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடிப்பார்கள். பாயிண்ட் ஏறப்போவது உங்கள் லைசென்ஸில். தோதான இடம் வந்தால் ஒதுங்கி அவருக்கு வழி விடுங்கள்.

8. 5 நிமிஷம் முன்னாடி கிளம்புங்கள். 5 மைல் தூரத்தை 30 மைல் வேகத்தில் கடக்க 10 நிமிடம். 35 மைல் வேகத்தில் போனால் சுமார் எட்டரை நிமிடம். அதுவும் சிக்னலே இல்லாத சாலையில். ஒன்றரை நிமிடத்துக்காக 3 பாயிண்ட் கட்டுப்படியாகுமா?

8 மைலில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது?

எல்லோருக்கும் வரும் கேள்வி இது. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் இருக்கும் பிரேக் தூரத்தை வைத்துப் பார்ப்போம்.

30 மைல் வேகத்தில் போகும் கார், ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து முழுசாக நிற்க 23 மீட்டர் ஆகும். 40 மைல் வேகத்தில் 36 மீட்டர் ஆகும்.

இப்போது ஒரு குழந்தை 23 மீட்டர் தள்ளிச் சாலையில் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். 40-ல் வந்த கார் அதே இடத்தைத் தொடும்போது, பிரேக் மிதித்த பிறகும், ஏறக்குறைய 29 மைல் வேகத்தில் இருக்கும். அதாவது மணிக்கு சுமார் 47 கிலோமீட்டர். ஓட்டியவருக்கு 10 மைல்தான் வித்தியாசம். எதிரே இருக்கிற குழந்தைக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது.

கேமராவும் பாயிண்டும் இந்தக் கணக்கை நமக்கு ஞாபகப்படுத்தத்தான். கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, இந்தச் சாலையின் எல்லை எவ்வளவு என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொள்வது சுலபம். லைசென்ஸும் பத்திரமாக இருக்கும், சாலையில் நடப்பவர்களும் பத்திரமாக இருப்பார்கள்.