மாதோட்டத்து நாய்களும் அவற்றின் பிணிகளும்

மகாசிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தை அள்ளிச்சென்று மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே அபிஷேகம் செய்யும் பாக்கியத்தை நாடி, இலங்கையின் எல்லாத் திசைகளிலிருந்தும் யாத்திரிகர் மாதோட்டத்துத் திருக்கேதீஸ்வரத்தில் வந்து திரளும்போது, அவர்களுக்கு முன்னதாகவே மடங்களின் வாயில்களில் இடம்பிடித்துக்கொள்ளும் இன்னொரு கூட்டமும் உண்டு. சுற்றுக் கிராமங்களின் நாய்களே அவை. எண்ணெய்ப் பலகாரமும் புளித்த சோறும், சிலவேளை அச்சோற்றைச் சுற்றிய பொலித்தீனுங்கூட, அவற்றின் வயிற்றுக்குள் போய்ச் சேர்வதால், அடுத்த இரண்டு மூன்று தினங்களுக்கு வாந்தியும் கழிச்சலும் வளவுக்கு வளவு தலைகாட்டும். வளர்ந்த நாயாயின், அரைநாள் உணவை நிறுத்தி, நீரையோ ஜீவனிக் கரைசலையோ சிறிது சிறிதாகக் கொடுத்து, பின்னர் உப்பும் உறைப்பும் சேராத கஞ்சியில் தொடங்கினால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் கழிச்சலில் இரத்தம் தென்பட்டாலும், நோயுற்றது குட்டியாக இருந்தாலும், ஒரு பொழுதுகூடத் தாமதிக்கலாகாது. 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரசு குட்டிகளை இரண்டொரு நாளிலேயே கொன்றுவிட வல்லது. மண்ணிலே மாதக்கணக்கில் உயிர்த்திருக்கவும் வல்லது. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசியும், அதன்பின் பதினாறு வாரம் நிறையும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மறு ஊசியும் போடுவதே அதற்கு நாம் அறிந்த காப்பு.

நாயின் சுபாவம் நோயை மறைப்பது. வேட்டைப் பிராணியாய்த் திரிந்த காலத்திலிருந்தே பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாதிருக்கப் பழகிய ஜீவன் அது. ஆகையால், அது உணவை மறுத்துக் கிணற்றடி ஈரத்தில் சுருண்டு படுக்கும் வேளையில், நோய் ஏற்கனவே பாதித் தூரம் கடந்திருக்கும். நாய் வளர்ப்பவர் கற்கவேண்டிய முதற் பாடம் மருந்தின் பெயரன்று, அதன் உதட்டை உயர்த்திப் பல் முரசைப் பார்க்கும் பழக்கமே என்பது என் துணிபு. சௌக்கியமான நாயின் முரசு இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். முரசு வெண்மையாயிருந்தால் இரத்தம் எங்கோ குறைகிறது என்று கொள்ளலாம். நாய்க்கு இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 பாகை பரனைற்று வரை என்பதால், கைக்குச் சுடுகிறதே என்று காய்ச்சலை ஊகிப்பது பிழையாய் முடியும்.

இரத்தம் குறைவதற்கு இப்பிரதேசத்தில் முதற்காரணம் உண்ணி. வறட்சியும் வெம்மையும் மிகுந்த மன்னார்க் கரை, நாயின் கபில நிற உண்ணிக்கு மனத்துக்குகந்த இடம். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி, நாயின் மேலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கிடுகு வேலியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயைக் குளிப்பாட்டி உண்ணியைப் பிடுங்கி எறிவதோடு நின்றுவிட்டால், அடுத்த மாதமே அதே எண்ணிக்கையில் மீண்டும் ஏறிவிடும். நாயின் மேல் மருந்திடும் அதே தினத்தில், அது படுக்கும் மூலையையும் சுவரின் வெடிப்புகளையும் சுத்தி செய்ய வேண்டும். உண்ணி கொண்டுவரும் பபீசியா எனும் ஒற்றைக்கல உயிரி செங்குருதிக் கலங்களை உடைக்கிறது. எர்லிக்கியா எனும் கிருமியோ குருதி உறையும் சக்தியைக் கெடுத்து மூக்கால் இரத்தம் வடியச் செய்கிறது. இரண்டிலும் காய்ச்சலும் சோர்வும் வெளிறலும் ஒத்திருப்பினும், சிகிச்சை வேறுவேறு; ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்த வைத்தியரே அதைத் தீர்மானிக்கத் தக்கவர். அயல்வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்த மருந்தின் மிச்சத்தைக் கொடுப்பதும், மனிதருக்கான பரசிட்டமோல் குளிசையைக் கரைத்து ஊற்றுவதும் ஆபத்து. பின்னது ஈரலைக் கெடுக்கக் கூடியது.

இரண்டாவது காரணம் கொக்கிப்புழு. 1911 இல் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி இலங்கைப் புனுகுப்பூனையொன்றின் குடலிலிருந்து எடுத்து வர்ணித்த புழுவினத்துக்கு நம் தீவின் பெயரையே சூட்டிவிட்டார். அத்தகைய புகழை யார் விரும்புவர்! அவ்வினம் நாயிலும் பூனையிலும் மட்டுமன்றி மனிதக் குடலிலும் குடியிருக்கும். நிழலும் ஈரமும் உள்ள மணலில் அதன் குடம்பிகள் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். கரிய, தார்போன்ற மலமும் வெளிறிய முரசும் உள்ள குட்டிக்கு, இரண்டு வார வயதிலிருந்தே புழு மருந்து தொடங்குவதில் தவறில்லை. நுளம்பால் பரவும் இன்னொரு இழைப்புழு, நாயின் தோலடியில் பெரும்பாலும் துன்பம் தராமல் வாழ்ந்து, வழிதவறி மனிதரிடம் வந்தால், சிறு குழந்தைகளின் கண்ணிமையருகே கட்டியாய் எழும்புவதுண்டு. இலங்கையில் இது அரிய சங்கதியல்ல.

சொறியைப் பற்றி ஒரு சொல். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் பூசுவதைப் பரிகாரமென்று எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். சொறிப் பூச்சியைவிட அப்பூச்சே கொடியது, நாய் அதை நக்கி விழுங்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

பங்குனி, சித்திரை வெயிலில் கட்டிவைத்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் நீரூற்றி விசிறிக்கொண்டே வைத்தியரை நாடுவதே முறை. மயங்கிய வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

விசர்நாய்க்கடிக்கு மட்டும், நோய் இலட்சணங்கள் தோன்றிய பின் நாய்க்கோ மனிதருக்கோ நம்பத்தக்க சிகிச்சை இல்லை. 1893 ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. எனினும் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அத்தொகை இப்போது ஆண்டுக்கு இருபது முப்பதாகச் சுருங்கியிருப்பதற்கு நாய்களுக்கு வருடந்தோறும் போடும் தடுப்பூசியே தலையாய காரணம். உடையவனில்லாத மடத்து நாய்க்கும் அது தேவையென்பதை நினைவூட்டுவது ஊராரின் பொறுப்பு. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், தனியே கட்டிவைத்துப் பத்துப் பதினான்கு நாட்கள் கவனிக்க வேண்டும். அதற்குள் அது இறந்துவிட்டால், வெறுங்கையால் தொடாது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, அதன் தலையைப் பனிக்கட்டியிட்டுக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கிருந்து முடிவு வரும்வரை கடியுண்டவரின் ஊசியை நிறுத்திவைக்கலாகாது.