தூண்டில் நாடு – 9: குளிர்ந்த ஆற்றுக்கு என்ன இரை?

ஆற்றோர மரங்கள் இலை உதிர்த்ததும் இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் பலர் கோலை உறையில் போட்டுவிடுகிறார்கள். குளிரிலும் கரைக்கு வருகிறவர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. சென்ற வாரம் பார்த்த டெஞ்ச் மீன் குளிரில் அடியில் ஒடுங்கிவிடும். ரோச்சும் சப்பும் அப்படியல்ல. குளிர்காலம் முழுக்க இரை எடுக்கும். ஆனால் கொஞ்சமாகத்தான் எடுக்கும்.

மீனின் உடல் வெப்பம் நீரைப் பொறுத்தது. நீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகும். கோடையில் சீக்கிரம் கரைந்துபோகிற உணவு, 5 டிகிரி நீரில் வயிற்றிலேயே கிடக்கும். வயிறு நிறைந்த மீன் முள்ளின் பக்கமே வராது. கோடைப் பழக்கத்தில் கைநிறையத் தீவனம் அள்ளி வீசுகிறவர், அன்றைய மீன்பிடிப்பை அந்த ஒரு வீச்சிலேயே முடித்துக்கொள்கிறார். எண்ணெய் மிகுந்த தீவன உருண்டைகளையும் வீட்டிலேயே வைத்துவிடலாம். செரிப்பது கடினம், குளிர்ந்த நீரில் எண்ணெய் பரவவும் செய்யாது.

நான் முதலில் நம்புவது வெள்ளை ரொட்டியை. புது ரொட்டித் துண்டை அழுத்தி, சிறு உலோகக் குழலால் குத்தினால் சில மில்லிமீட்டர் வில்லை கிடைக்கும். 18 அல்லது 20ஆம் எண் முள்ளில் அதைக் கோக்க வேண்டும் (எண் கூடக் கூட முள் சிறுக்கும்). நீரில் ஊறிப் பூத்து, வெள்ளையாகத் தெரியும். ஓரம் நீக்கிய ரொட்டியை மிக்சியில் உதிர்த்து, நெல்லிக்காய் அளவு பிடித்துப் போட்டால் நீரில் புகைபோல் விரியும். மீன் தேடி வரும். வயிறு நிறைய அதில் ஒன்றுமில்லை. கால்வாய் ரோச் மீனுக்கு இதைவிட நல்ல இரை எனக்குத் தெரியாது.

அடுத்தது ஈப்புழு. தூண்டில் கடைகளில் பைண்ட் கணக்கில் விற்கிறார்கள். கூட்டுப்புழுவாக மாறாமலிருக்கக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். குளிர்காலத்தில் அதன்மேல் மஞ்சள்தூள் தூவுகிறவர்களும் உண்டு; நம் சமையலறை மஞ்சளேதான்! புழுக்களை நாலைந்தாக, இடைவெளி விட்டு எறிந்தால் போதும்.

இவையெல்லாம் தெளிந்த நீருக்கு. மழைக்குப் பின் ஆறு கலங்கி ஓடும்போது மீன் கண்ணைவிட மணத்தையே நம்பும். அப்போது பெரிய மண்புழு வேண்டும். சப் மீனுக்கென்றால் சீஸ் மாவு. ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ 1653இல் முதலில் வெளிவந்த நூல். நெடியுள்ள பாலாடைக்கட்டியை வெண்ணெயும் குங்குமப்பூவும் சேர்த்து இடித்து, சப் மீனுக்கு இரையாக்கும் முறை அதில் இருக்கிறது. வெண்ணெய் சேர்ப்பதில் எவ்வளவு விவரம்! வெறும் சீஸ் குளிர்ந்த நீரில் இறுகிவிடும். மீன் கவ்வினாலும் முள் அதைத் தாண்டி ஏறாது. இன்று ரொட்டியும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் சேர்த்துப் பிசைகிறார்கள். பிசைந்ததைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் போட்டு எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கோப்பது நல்லது.

சீரான குளிரை மீன் பொறுத்துக்கொள்ளும். திடீரென விழும் குளிரில் சோர்ந்துவிடும். பனி உருகிய நீர் ஆற்றில் கலக்கும் நாளில் எந்த இரையும் பெரிதாக உதவாது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம் என்பதால், அதற்கு முந்தைய இளஞ்சூடான பிற்பகல்களைத் தவறவிடக் கூடாது.

பைக் மீனுக்குச் செத்த கடல்மீனை இரையாக்கும் முறை அடுத்த வாரம்.