கண் மங்கினாலும் கணக்கு நம் கையில்! செல்போனுக்குள் இருக்கும் உதவி வசதிகள்

பூச்சிமருந்து பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி பணம் வந்ததைச் சொல்கிறதா, போனதைச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் போனை நீட்டி, ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார்கள் சிலர். பார்வை மங்கியவர்கள், காது மந்தமானவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பல விவசாயக் குடும்பங்களில் இதுதான் நிலைமை. பணம் பறிபோவதற்கும் இங்கேதான் வழி திறக்கிறது.

இதற்கான உதவி, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'அக்ஸசிபிலிட்டி' என்ற தலைப்பைத் தேடுங்கள். போனைத் தமிழில் மாற்றி வைத்திருந்தால், 'அணுகல்தன்மை' அல்லது அதுபோன்ற பெயரில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் இடமும் கொஞ்சம் மாறலாம்.

எழுத்தைப் பெரிதாக்க...

முதலில் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். அதே இடத்தில் உள்ள 'மேக்னிஃபிகேஷன்' வசதியை இயக்கி, 'மூன்று முறை தட்டுதல்' முறையைத் தேர்வு செய்தால், திரையை மூன்று முறை தட்டியதும் அந்த இடம் பெரிதாகும். இரண்டு விரல்களால் நகர்த்திப் படிக்கலாம். மீண்டும் மூன்று முறை தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

விரல் நடுக்கம் உள்ளவர்கள், 'டச் அண்ட் ஹோல்டு' நேரத்தை 'லாங்' என்று மாற்றிக்கொண்டால், விரல் சற்று நேரம் திரையில் தங்கிவிட்டாலும் வேறு ஏதாவது திறந்துகொள்ளும் தொல்லை குறையும்.

போன் படித்துச் சொல்ல...

'செலக்ட் டு ஸ்பீக்' வசதியை இயக்கி, படிக்க வேண்டிய பகுதியைத் தொட்டால், போன் அதை வாசிக்கும். கூகுளின் குரல் வசதியில் தமிழும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதுவே போதும்.

பார்வை அறவே இல்லாதவர்களுக்கானது 'டாக்பேக்'. இதை இயக்கியதும் போனின் நடைமுறையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். திரையை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும். பழகாதவர்கள் இயக்கிவிட்டு அணைக்கத் தெரியாமல் திண்டாடுவார்கள். எனவே, முதலில் அதற்கான 'ஷார்ட்கட்'டை வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், இயக்கவும் அணைக்கவும் முடியும். பொது இடத்தில் வங்கிச் செய்தியைக் கேட்கும்போது இயர்போன் மாட்டிக்கொள்வது நல்லது.

நோட்டைச் சொல்லும் 'மணி'

புதிய வரிசை ரூபாய் நோட்டுகளில் 100 ரூபாயின் நீளம் 142 மி.மீ, 200 ரூபாயின் நீளம் 146 மி.மீ, 500 ரூபாயின் நீளம் 150 மி.மீ. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மி.மீ. அடுத்தடுத்த நோட்டுகளுக்கு இடையே நீளத்தில் 4 மி.மீ வித்தியாசம்தான் இருக்கிறது. சந்தையில் அவசரமாகக் காசு எண்ணும்போது ஏமாற இதுவே போதும்.

இதற்காக இந்திய ரிசர்வ் வங்கி, 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. நோட்டை கேமரா முன் காட்டினால், எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும். தமிழிலும் கேட்கலாம். பதிவிறக்கிய பிறகு இன்டர்நெட் தேவையில்லை. ஒன்றை மறக்க வேண்டாம். நோட்டின் மதிப்பை மட்டும்தான் இந்தச் செயலி சொல்லும்; நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று சொல்லாது.

மருந்து பாட்டிலைப் படிக்க...

'கூகுள் லென்ஸ்' மூலம் படம் எடுத்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாட்டில் வளைவாக இருப்பதால் எழுத்து சரியாகப் பதியாமல் போகலாம். கூடவே வரும் துண்டுப் பிரசுரத்தைச் சமமாக விரித்து வைத்துப் படம் எடுங்கள். அளவு எண்ணை மட்டும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே மருந்தைக் கலக்க வேண்டும். ஒரு புள்ளி விடுபட்டால்கூட 1.5 மி.லி, 15 மி.லி ஆகிவிடும்.

லேபிளில் உள்ள வண்ண முக்கோணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், நீலம். பச்சை இருப்பதிலேயே குறைவு. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரண்டு எல்லைகளும் ஒன்றுபோலவே தெரியும். அவர்கள் வண்ணத்தை நம்பாமல், மண்டை ஓட்டுப் படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சிவப்பு முக்கோண மருந்துக்கு உரியது.

காது கேளாதவர்களுக்கு...

டிராக்டர், பவர் டில்லர் சத்தத்தில் பல வருடங்கள் வேலை செய்தால் கேட்கும் திறன் குறையும். 2019-ல் கூகுள் வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்க்ரைப்' செயலி, எதிரில் இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுதிக் காட்டும். தமிழும் உண்டு. வேளாண் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ மேஜைமீது போனை வைத்துவிட்டுப் பேசலாம். இன்டர்நெட் இருந்தால் நல்லது. இரைச்சலில் தவறாக எழுதும் என்பதால், விலை, தேதி, அளவு போன்றவற்றைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுத வராதவர்கள், கீபோர்டில் உள்ள மைக் படத்தைத் தொட்டு, தமிழிலேயே பேசித் தேடலாம். கூகுள் 2017-ல் தமிழுக்கும் இந்த வசதியைக் கொண்டுவந்தது.

உஷார்!

இதே அக்ஸசிபிலிட்டி அனுமதிதான் மோசடிக்காரர்களின் குறியும். திரையில் இருப்பதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் தட்டவும் அந்த அனுமதி வழி செய்கிறது. அரசு உதவித்தொகை, வங்கி என்று பெயர் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' ஃபைலை நிறுவி, அது கேட்கும் அனுமதியைக் கொடுத்தால், ஓ.டி.பி-யும் ரகசிய எண்ணும் அடுத்தவர் கைக்குப் போகலாம். செயலிகளை பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்னொரு விஷயம். கண்புரையாக இருந்தால், அறுவைசிகிச்சையில் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் உள்ள இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இவை எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். ஆனால், போனைப் பெரியவர் கையிலேயே வைத்து, அவர் விரலாலேயே நாலைந்து முறை செய்ய வையுங்கள். அடுத்த முறை வங்கிச் செய்தி வரும்போது, அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார். சந்தேகங்களுக்குப் பேசியே விடை பெற விரும்புகிறவர்களுக்கு, கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை தமிழில் பதில் கிடைக்கும்.